23ஆம் எண் அழைப்பும் டென்னிஸ் ரிச்சியும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு நண்பன்மீது நான் தவறாகப் பழி சுமத்தினேன். 2019ஆம் ஆண்டு அது. என் கையில் ஆதாரம் இருந்தது. கணினியே எழுதிக்கொடுத்த பதிவு, நேரம் நிமிடம் நொடி வரை. அதனால்தான் அவ்வளவு துணிச்சலாகப் பேசினேன்.

எங்கள் குழு ஒரு லினக்ஸ் கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தியது. 'ரூட்' என்னும் முழு அதிகாரம் எங்களில் இருவருக்கு மட்டுமே இருந்தது. ஒருவன் நான், இன்னொருவன் அவன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மூன்று வாரங்களாகச் சேர்த்துவைத்த சோதனை முடிவுகள் இருந்த கோப்புறை காணாமற்போனது. அந்தக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமானது. சாதாரணப் பயனர் எவரும் அதை அழிக்க முடியாது. ஆகவே ரூட் அதிகாரம் பெற்ற ஒருவர்தான் அழித்திருக்க வேண்டும்.

கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் அப்போதுதான் ஒன்றைக் கற்றிருந்தேன். ஒரு நிரல் தன் பயனர் அடையாளத்தை மாற்றிக்கொள்ள இயங்குதளத்தின் கருவிடம், அதாவது கெர்னலிடம், கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு 'செட்யூஐடி' என்று பெயர். அதன் உறவுக்கார அழைப்புகள் இன்னும் சில உண்டு. அவை அனைத்தையும் கண்காணித்துப் பதிவுசெய்யும்படி தணிக்கை விதி ஒன்றை எங்கள் கணினியில் எழுதிவைத்திருந்தேன். அந்த விதியை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவுப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தையொட்டி ஒரே ஒரு மனிதர்தான் 'சூடோ' கட்டளை வழியே ரூட்டாக மாறியிருந்தார். அது என் நண்பன். ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க மாறியதாக அவன் சொன்னான். நான் நம்பவில்லை. குழுவின் முன்னிலையில் பதிவைத் திரையில் காட்டினேன்.

எங்கள் விரிவுரையாளர் கோபப்படவில்லை. கணினி முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட அனுமதிக்குறி இடப்பட்ட கோப்புகளைத் தேடிப் பட்டியலிடச் சொன்னார், அவ்வளவுதான். பட்டியல் வந்தது. வழக்கமான கோப்புகளுக்கு இடையில் வழக்கமில்லாத ஒன்று இருந்தது. அதை எழுதியவன் நான். பழைய சோதனைக் கோப்புகளைக் குழுவினர் தாங்களே அழித்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு முறையும் என்னைத் தேடி வர வேண்டாம் என்று முப்பது வரியில் ஒரு சிறு நிரல் எழுதி, ரூட் அதிகாரத்தோடு ஓடும் குறியை அதற்கு இட்டு, பிறகு அடியோடு மறந்துபோயிருந்தேன். அன்றிரவு குழுவில் ஒருவர் அதை ஓட்டும்போது கோப்புறையின் பெயரைத் தவறாகத் தட்டியிருக்கிறார். எந்தப் பெயர் வந்தாலும் சரிபார்க்காமல் அழித்துவிடும் நிரல் அது.

என் கண்காணிப்பு விதி ஏன் அதைப் பிடிக்கவில்லை? அந்தக் குறியைக் கண்டுபிடித்தவர் யார், ஏன் கண்டுபிடித்தார் என்று தேடிப்போனதில்தான் டென்னிஸ் ரிச்சி எனக்கு அறிமுகமானார். சி மொழியின் தந்தை என்று அவர் பெயரைப் பாடநூலில் பார்த்ததுண்டு. ஆனால் என்னை மாட்டிவிட்ட அந்தக் குறியும் அவருடையதுதான் என்பது எனக்குத் தெரியாது.

ரிச்சி 1941 செப்டம்பர் 9ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் நகரில் பிறந்தார். தந்தை அலிஸ்டேர் ரிச்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர். தொலைபேசி இணைப்பகங்களுக்கான மின்சுற்றுகளை வடிவமைப்பது பற்றிய நூலொன்றை இருவருடன் சேர்ந்து எழுதியவர். குடும்பம் நியூஜெர்சியின் சமிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. டென்னிஸ் அங்கேதான் உயர்நிலைப்பள்ளியை முடித்தார். பிறகு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். அங்கு யூனிவாக் கணினி எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் ஆற்றிய உரையைக் கேட்கப் போனவர், கணினியின் பக்கமே திரும்பிவிட்டார். மேற்படிப்பு பயன்பாட்டுக் கணிதத்தில்.

1967ல் தந்தை பணியாற்றிய அதே பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருக்கிறது அது. அப்போது பெல், எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து 'மல்ட்டிக்ஸ்' என்ற மாபெரும் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கனவு. திட்டம் இழுத்துக்கொண்டே போனது. 1969ல் பெல் விலகிக்கொண்டது. அதில் வேலை செய்த ரிச்சி, கென் தாம்சன் முதலிய சிலருக்குத் திட்டம் போனதைவிட, பலர் கூடி வேலை செய்யும் அந்தக் கணினிச் சூழல் கைநழுவியதே பெரிய வருத்தமாக இருந்தது.

தாம்சன் 'விண்வெளிப் பயணம்' என்றொரு விளையாட்டு நிரல் எழுதியிருந்தார். ஆய்வுக்கூடத்தின் பெரிய கணினியில் அதை ஒருமுறை விளையாட ஏறக்குறைய 75 டாலர் கணினி நேரம் செலவானது. மூலையில் அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறு கணினி அவர் கண்ணில் பட்டது. அவரும் ரிச்சியும் சேர்ந்து விளையாட்டை அதற்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள். அந்தப் பழக்கத்தில் அதே கணினியில் தாம்சன் ஓர் இயங்குதளத்தையே எழுதத் தொடங்கினார். அதுதான் யூனிக்ஸ். விளையாட்டுக்காகக் கணினியைத் தட்டத் தொடங்கி உருப்படியாக எதையோ செய்துவிட்ட மாணவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பெற்றோரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம், பலன் தருமா என்பது வேறு.

பெரிய கணினி வேண்டுமென்று மேலிடத்திடம் கேட்டபோது இயங்குதளம் என்ற சொல்லையே அவர்கள் தவிர்க்க வேண்டியிருந்தது. மல்ட்டிக்ஸ் விட்டுப்போன கசப்பு அப்படி. ஆவணங்களைத் தயாரிக்கும் அமைப்பு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று சொல்லி பிடிபி-11 வகைக் கணினியை வாங்கினார்கள். அதன் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, எஞ்சிய 8 பயனரின் நிரலுக்கு. வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அந்த வட்டில் அடங்காது. சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்கள். ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள்தாம் அந்த யூனிக்ஸின் முதல் வாடிக்கையாளர்கள்.

ஒரே கணினியில் பலர் வேலை செய்யும்போது ஒரு சிக்கல் எழும். உங்கள் கோப்பு உங்களுடையது, என் கோப்பு என்னுடையது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான கோப்பு? கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பை எடுத்துக்கொள்வோம். என் கடவுச்சொல்லை நான் மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கோப்பில் எழுத எனக்கு அனுமதி வேண்டும். அனுமதி கொடுத்தால் உங்கள் கடவுச்சொல்லையும் சேர்த்து மாற்றிவிடுவேன். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் நிர்வாகியின் மேசைக்குப் போய் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கணினி இதழில் புனைபெயரில் எழுதிவந்த ஒருவர் இதையே வேடிக்கையான ஒரு புதிராகப் போட்டிருந்தார். எண்ணை ஊகிக்கும் விளையாட்டு ஒன்று, அதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல். விளையாடுபவர் யாராக இருந்தாலும் பட்டியலில் அவர் மதிப்பெண் ஏற வேண்டும். ஆனால் விளையாட்டைத் தவிர வேறு எதுவும் அந்தப் பட்டியலைத் தொடக்கூடாது. எப்படி?

ரிச்சி கண்ட வழி இது. அனுமதியை மனிதருக்குக் கொடுக்க வேண்டாம், நிரலுக்குக் கொடுக்கலாம். கோப்பின் அனுமதிக்குறிகளோடு ஒரே ஒரு குறியைக் கூடுதலாக வைத்தார். அந்தக் குறி இடப்பட்ட நிரலை யார் ஓட்டினாலும், ஓடும் நேரத்தில் மட்டும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். நூலகத்தில் பொதுமக்கள் நுழைய முடியாத கிடங்கு இருக்கிறது. நூலகரிடம் சீட்டைக் கொடுத்தால் அவர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து தருவார். நாம் உள்ளே போகவில்லை, ஆனால் வேலை நடந்துவிட்டது. நூலகர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. குறி இடப்பட்ட நிரல் அந்த நூலகர்தான். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றும் நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். ஆனால் உங்கள் வரியை மட்டுமே மாற்றும்.

இதற்காக ஒவ்வொரு செயல்முறைக்கும் இரண்டு அடையாளங்கள் தேவைப்பட்டன. ஒன்று உண்மை அடையாளம்: நிரலை ஓட்டச் சொன்னவர் யார்? மற்றொன்று நடைமுறை அடையாளம்: இப்போது யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது? 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்தக் குறியும் செட்யூஐடி அழைப்பும் இடம்பெற்றுவிட்டன. கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. செட்யூஐடியின் எண் 23. இருபது ஆண்டுகள் கழித்துப் பின்லாந்தில் பிறந்த லினக்ஸும் தன் 32-பிட் வடிவத்தில் அதே 23ஐ வைத்துக்கொண்டது. 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில்தான் எண் 105 ஆனது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். குறி இடப்பட்ட நிரலைத் தொடங்கும்போது அடையாளத்தை மாற்றுவது செட்யூஐடி அழைப்பு இல்லை. நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓடவைக்கும் 'எக்செக்' என்ற வேறோர் அழைப்பு இருக்கிறது. கெர்னல் அந்த நேரத்தில் கோப்பின் குறியைப் பார்த்துத் தானாகவே நடைமுறை அடையாளத்தை மாற்றிவிடுகிறது. நிரல் எதையும் கேட்க வேண்டியதில்லை. நான் 23ஆம் கதவின் முன் காவலுக்கு நின்றுகொண்டிருந்தேன். அழிப்பு நிரலோ முன்வாசல் வழியாகவே ரூட்டாக நடந்து போயிற்று. என் பதிவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இருந்த ஒரே வரி நண்பனுடையது. அவன் சொன்னபடியே மென்பொருளைப் புதுப்பிக்கத்தான் ரூட்டாக மாறியிருந்தான்.

ரிச்சி இந்தக் கண்டுபிடிப்புக்கு 1973 ஜூலை 9ஆம் தேதி காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1979 ஜனவரி 16ஆம் தேதி 4,135,240 என்ற எண்ணோடு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு மாலை அதை இறக்கிப் படித்தேன். எனக்கு வியப்பாக இருந்தது, அதில் இருந்த படங்கள் மின்சுற்றுப் படங்கள்! மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்பதே அன்று தீராத கேள்வியாக இருந்தது. அதனால் ஒரு வரி நிரலில் சொல்ல வேண்டியதைச் சுற்றும் கதவுமாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். மின்சுற்று வடிவமைப்பு நூல் எழுதியவரின் மகனுக்கு அது சிரமமாக இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னர் அந்தக் காப்புரிமை பொதுமக்களுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். லினக்ஸ் உட்பட யூனிக்ஸின் வழிவந்தவை எல்லாவற்றிலும் இன்று அது இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சி மொழியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பாடநூலில் இருக்கும். பிசிபிஎல் என்ற மொழியிலிருந்து தாம்சன் பி என்ற மொழியைச் சுருக்கி எடுத்தார். ரிச்சி அதற்குத் தரவு வகைகளைச் சேர்த்து 1971க்கும் 1973க்கும் இடையில் சி ஆக்கினார். 1973ல் யூனிக்ஸின் கெர்னல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதனால் கணினி மாறினாலும் இயங்குதளத்தைக் கொண்டுபோக முடிந்தது. 1974ல் இருவரும் யூனிக்ஸைப் பற்றி ஆய்வேட்டில் எழுதியபோது அது சுமார் 40 இடங்களில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1978ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிச்சி எழுதிய சி மொழி நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. மெலிந்த புத்தகம். இன்றைய கணினி நூல்களின் பருமனைப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

என்னை அதிகம் பாதித்தது அவர் யூனிக்ஸின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய சில பக்கக் கட்டுரை. தாம் கட்டிய வீட்டின் ஓட்டைகளை வீட்டுக்காரரே விளக்கெடுத்துக் காட்டுவது போன்றது அது. யூனிக்ஸ் பாதுகாப்பை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதன்று, ஆகவே ஓட்டைகள் இருந்தே தீரும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். எல்லாம் செய்யவல்ல ரூட் என்ற ஒரு பயனர் இருப்பதே எந்தப் பாதுகாப்பு முறைக்கும் ஒரு குறைதான் என்கிறார். தாம் கண்டுபிடித்த குறியையும் அவர் விட்டுவைக்கவில்லை. குறி இடப்பட்ட ஒரு நிரலின் கோப்பில் மற்றவர்களும் எழுதலாம் என்று இருந்தால், ஒருவர் அதன்மேல் கட்டளை ஓடு நிரலை நகலெடுத்து வைத்துவிட்டுக் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட்டாகிவிடலாம் என்று எச்சரிக்கிறார். இப்படிப்பட்ட நிரல்களை எழுதுவோர் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டும் என்பது அந்தக் கட்டுரை முழுவதும் ஓடும் கவலை. என் முப்பது வரி நிரலை நான் எழுதும் முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

அவர் கவலைப்பட்டபடியேதான் நடந்தது. செட்யூஐடி ஒன்றாக இருந்தது பின்னர் ஒரு குடும்பமாகப் பெருகியது. நடைமுறை அடையாளத்தை மட்டும் மாற்ற ஒன்று, இரண்டையும் மாற்ற ஒன்று, 'சேமித்த அடையாளம்' என்று மூன்றாவது ஒன்று வந்தபின் மூன்றையும் மாற்ற இன்னொன்று. சேமித்த அடையாளம் எதற்கு? அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கீழே வைத்துவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ள. ஆனால் கீழே வைத்தது தற்காலிகமாகவா நிரந்தரமாகவா என்பதில்தான் நிரலர்கள் வழுக்கி விழுந்தார்கள். இன்றைய லினக்ஸில் ஒரு செயல்முறை ரூட்டாக இருக்கும்போது செட்யூஐடியை அழைத்தால் மூன்று அடையாளங்களும் மாறும். ரூட்டாக இல்லாதபோது அதே அழைப்பு நடைமுறை அடையாளத்தை மட்டும் மாற்றும். அழைப்பு ஒன்று, விளைவு இரண்டு. யூனிக்ஸ் வகை ஒவ்வொன்றிலும் இது கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டது. 2002ல் ஹாவ் சென், டேவிட் வாக்னர், ட்ரூ டீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் குழப்பத்தை முறையாக வரைபடமிட்டுக் காட்டினார்கள். கையேடுகளே சில இடங்களில் பிழையாக இருந்ததையும் கண்டுபிடித்தார்கள்.

கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் நீங்களும் நாள்தோறும் இந்த அழைப்பைப் பயன்படுத்துகிறீர்கள். அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுக்கப்படுகிறது. நீங்கள் ஒரு செயலியைத் தொட்டதும், அதிகாரம் அதிகமுள்ள ஒரு தாய்ச் செயல்முறை தன்னைப் பிரித்துக்கொண்டு, அடையாளம் மாற்றும் அழைப்பின் வழியே அந்தச் செயலிக்குரிய எளிய பயனராகத் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறது. அதன் பிறகுதான் செயலி திறக்கும். ஒரு விளையாட்டுச் செயலியால் உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளைப் படிக்க முடியாததற்கு இதுவே அடிப்படை.

ரிச்சிக்கும் தாம்சனுக்கும் 1983ல் டூரிங் விருது கிடைத்தது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற அடுத்த இயங்குதளங்களிலும் அவருக்குப் பங்குண்டு. 2007ல் ஓய்வுபெறும்வரை அவர் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகவில்லை. சக ஊழியர்களுக்கு அவர் டிஎம்ஆர். கணினியில் நுழையும் பயனர் பெயரே கூப்பிடும் பெயராகிவிட்டது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவரை டாக்டர் என்று எழுதும் கட்டுரைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். உண்மையில் அவர் முனைவர் பட்டம் பெறவே இல்லை. 1968ல் நிரல்களின் அமைப்புக்கும் கணக்கீட்டுச் சிக்கலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்துவிட்டார். பேராசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பட்டம் கிடைக்க, கட்டிய பிரதி ஒன்றை ஹார்வர்ட் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை அவர் செய்யவே இல்லை. கட்டுக்கூலி கொடுக்க மனமில்லை என்று ஒரு கதை உண்டு. குடும்பத்தாரிடமும் அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை. மறைவுக்குப் பிறகு ஒரு பிரதி கிடைத்து, கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதை 2020ல் பொதுப் பார்வைக்கு வைத்தது. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை ஒப்படைக்காமல் இழுத்தடிக்கும் நண்பர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்!

2011 மார்ச்சில் ஜப்பானில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அந்த ஆண்டு ஜப்பான் பரிசுக்குத் தேர்வாகியிருந்த ரிச்சிக்கு, மே மாதத்தில் மரே ஹில்லுக்கே கொண்டுவந்து பரிசை அளித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, பெர்க்லி ஹைட்ஸ் நகரில் தனியாக வாழ்ந்த வீட்டில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. சில காலமாகவே நோயுற்றிருந்தார். செய்தியை உலகுக்கு அறிவித்தவர் முன்னாள் சக ஊழியர் ராப் பைக். ஒரு வாரத்துக்கு முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகமே அவருக்காக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. மக்கள் அஞ்சலி எழுதிய ஐஃபோனின் அடியில் ஓடியதும் யூனிக்ஸின் வழிவந்த இயங்குதளம்தான். அதை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. நவம்பரில் வெளியான ஃபெடோரா லினக்ஸ் பதிப்பை அதன் உருவாக்குநர்கள் ரிச்சியின் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாரங்களில் என் கண்காணிப்பு விதியையும் திருத்தி எழுதினேன். எக்செக் அழைப்பையும் சேர்த்தேன். உண்மை அடையாளமும் நடைமுறை அடையாளமும் வேறுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி பதிவாகும்படி செய்தேன். லினக்ஸில் இதற்கு உதவும் இன்னோர் அடையாளமும் உண்டு. ஒருவர் கணினிக்குள் நுழைந்தபோது அவருக்கு ஒட்டப்படும் எண் அது. பிறகு அவர் எத்தனை முறை வேடம் மாற்றினாலும் அது கூடவே வரும். அந்த எண்ணையும் பதிவில் சேர்த்தேன். வழியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 'எஸ்டிரேஸ்' என்ற கருவியை வைத்துக் கடவுச்சொல் மாற்றும் நிரலை என் சாதாரணக் கணக்கிலிருந்தே பின்தொடரப் பார்த்தேன். நிரல் அனுமதியில்லை என்று நின்றுவிட்டது. காரணம் எளிது. இன்னொரு நிரலைப் பின்தொடர்பவர் அதன் நினைவகத்தையும் மாற்றலாம். ஆகவே சாதாரணப் பயனர் பின்தொடரும்போது கெர்னல் ரிச்சியின் குறியைப் பொருட்படுத்துவதே இல்லை. ரூட்டாக இருந்து பின்தொடர்ந்தால்தான் முழுக்கதையும் தெரியும்.

குழுவின் முன்னிலையில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். பழி சுமத்தியதும் அதே குழுவின் முன்னிலையில்தானே. அவன் தலையசைத்தான். ஆனால் அதன் பிறகு திட்ட வேலைக்கு அப்பால் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். உணவங்காடியில் வேறு மேசையில் உட்கார்ந்தான். நான் அவனைக் குறை சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் இரவு, எம்ஆர்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஓர் இணைப்பு மட்டும். பழைய யூனிக்ஸ் மூலநிரல்களோடு சேர்ந்து கிடைத்த கடவுச்சொல் கோப்பு ஒன்றில், முன்னோடிகளின் கடவுச்சொற்களை ஆர்வலர்கள் உடைத்துவிட்டார்களாம். தாம்சனுடையது பல நாள் தண்ணி காட்டியிருக்கிறது. கடைசியில் பார்த்தால் அது சதுரங்கத்தின் ஒரு தொடக்க நகர்த்தல். டிஎம்ஆருடையது எளிதில் உடைந்தது. மெக்அலிஸ்டேர் என்பது அவருடைய நடுப்பெயர். டி, எம், ஏ, சி என்ற நான்கே எழுத்துகள்தாம் அவர் கடவுச்சொல்.

என் அழிப்பு நிரல் இதைவிடப் பாதுகாப்பானது என்று பதில் அனுப்பினேன். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. இறங்க வேண்டிய நிலையம் வருவதற்குள் வாய்விட்டுச் சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. அதன் கீழே, அந்த நிரலை அழித்துவிட்டாயா இல்லையா என்றும் கேட்டிருந்தான்.